பிறந்த குழந்தை ஒரு கையை மட்டும் தூக்கவில்லை: காத்திருக்கலாமா?

பிரசவத்தில் தோள் சிக்கிப் பிறந்த உங்கள் குழந்தை 2 மாதமாகியும் வலது கையைத் தூக்கவில்லை, அறுவை சிகிச்சை வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

தோள் சிக்கும்போது கழுத்திலிருந்து கைக்குப் போகும் நரம்புப் பின்னல் இழுபட்டுவிடுகிறது. கை உடலோடு ஒட்டி, உள்பக்கம் திரும்பி, மணிக்கட்டு மடங்கித் தொங்கும். காறையெலும்பு முறிந்தாலும் கை அசையாதுதான். அது எக்ஸ்ரேயில் தெரிந்துவிடும், சில வாரங்களில் கூடியும்விடும்.

பெரும்பாலான குழந்தைகள் அறுவை இல்லாமலே தேறுகிறார்கள். 3 மாதத்துக்குள் முழங்கை தானாக மடங்குகிறதா என்பதே முக்கியமான சோதனை. மடங்காவிட்டால் நரம்பு அறுவை நிபுணரிடம் போக வேண்டும். கெண்டைக்காலிலிருந்து உணர்ச்சி நரம்பை எடுத்து ஒட்டுப்போடுவார்கள். விரல்களும் அசையாமல், அதே பக்க இமையும் தாழ்ந்திருந்தால் 3 மாதம்கூடக் காத்திருக்காதீர்கள்.

பலரும் கோட்டைவிடுவது தோள் மூட்டை. குளிப்பாட்டும்போது முழங்கையை விலாவோடு சேர்த்துப் பிடித்து, முன்கையை மெதுவாக வெளிப்பக்கம் திருப்பிப் பாருங்கள். மற்றக் கையைவிடக் குறைவாகத் திரும்பினால், மேற்கை எலும்பின் பந்துமுனை தோள் குழியிலிருந்து பின்னோக்கி நழுவிக்கொண்டிருக்கலாம். கைக்குழந்தையின் மூட்டு பெரும்பாலும் குருத்தெலும்பு என்பதால் எக்ஸ்ரே உதவாது, அல்ட்ராசவுண்ட்தான் காட்டும். “எக்ஸ்ரே நன்றாக இருக்கிறது” என்று திருப்திப்பட வேண்டாம்.

தோள் அப்படி இறுகியிருந்தால், பிடித்துக்கொண்ட தசையை அறுவையில் தளர்த்தி, முதுகுத் தசையின் நாணை இடம் மாற்றித் தைத்தால் கை வெளிப்பக்கம் திரும்பும். மூட்டே உருக்குலைந்த பெரிய பிள்ளைகளுக்கு மேற்கை எலும்பை வெட்டித் திருப்பிப் பொருத்துவார்கள்.