பெரியப்பா வீட்டில் தங்கலாமா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள அம்மா,

வணக்கம். எனக்கு ஊர் அம்பாசமுத்திரம் பக்கம். வயது இருபத்து மூன்று. சோழிங்கநல்லூரில் வேலை கிடைத்திருக்கிறது, அடுத்த மாதம் சேர வேண்டும். பெரியப்பா கொளத்தூரில் இருக்கிறார். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், சொந்த வீடு. “நம்ம வீடு இருக்கும்போது பிள்ளை எதுக்கு ஹாஸ்டல்ல கெடக்கணும், எத்தனை வருசம் வேணும்னாலும் இருக்கட்டும்” என்று பெரியப்பா அப்பாவிடம் சொல்லிவிட்டார். அப்பாவும் முடிவு செய்துவிட்டார். நண்பர்கள் பெருங்குடியில் பி.ஜி.யில் சேரச் சொல்கிறார்கள். தனி வீடு எடுக்க அட்வான்ஸ் கொடுக்கப் பணம் இல்லை. பெரியப்பா கண்டிப்பானவர், இரவு பத்து மணிக்கு கேட்டைப் பூட்டிவிடுவார். பெரியம்மா சமையல் கொஞ்சம் காரம், அது பழகிவிடும். என் சுதந்திரம் போய்விடுமோ என்பதுதான் பயம். அவர்களுக்குப் பாரமாக இருக்கவும் விருப்பமில்லை. புது ஊரில் காலூன்ற உறவுகள் உதவியா, தடையா? போகும்போது என்ன வாங்கிக்கொண்டு போகலாம் என்றும் சொல்லுங்கள்.

எம்.

*

அன்புள்ள எம்.,

வேலை கிடைத்ததற்கு வாழ்த்துகள். “உறவுகள் உதவியா, தடையா” என்பது பட்டிமன்றத் தலைப்பு, அதை விட்டுவிடுவோம். கேட்டைப் பூட்டுவதும் ஒரு பிரச்சினையே இல்லை. மாற்றுச் சாவி ஒன்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் கடிதத்துக்குப் பதில் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் வேறு.

போன மாதம் பாளையங்கோட்டையில் ஒரு கல்யாணம். என் வீட்டுக்காரரின் சித்தப்பா மகன் ஒருவன் வந்திருந்தான். இப்போது மேடவாக்கத்தில் வீடு, கார், கல்லூரிக்குப் போகும் மகள். தன் சம்பந்தக்காரர்களிடம் இவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் அறிமுகம் செய்தான். “மெட்ராஸ்ல என்னை ஆளாக்கினது அண்ணன்தான். ஒரு வருசம் வச்சு சோறு போட்டாங்க.” இவர் வெட்கப்பட்டுச் சிரித்தார். நான் தாம்பூலப் பையோடு பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். நல்ல பையன். மாமியார் இறந்தபோது முதல் ஆளாக வந்து நின்றவன். அவனிடம் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் சோறு போட்டது யார் என்று இதுவரை அவனுக்குத் தெரியாது என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

அவன் வந்தது 2003இல். மழை பொய்த்து பூண்டி, சோழவரம், செங்குன்றம் ஏரிகள் எல்லாம் வறண்டு, குழாயில் சொட்டுத் தண்ணீர் வராத காலம். வீராணம் தண்ணீர் வந்து சேர 2004 ஆகிவிட்டது. நாங்கள் அயனாவரத்தில் ஒரு போர்ஷனில் இருந்தோம். ஒரு கூடம், ஒரு அறை, சமையல்கட்டு. நான், அவர், இரண்டு பிள்ளைகள், மாமியார். ஆறாவது ஆளாக இவன், எழும்பூரில் நெல்லை எக்ஸ்பிரஸை விட்டு இறங்கி, தோளில் அரிசிச் சிப்பத்தோடு வந்து நின்றான். லாரித் தண்ணீர்தான் எல்லாவற்றுக்கும். அரிசி களைந்த தண்ணீரில் பாத்திரத்தை ஒரு சுற்று அலசி, துணி துவைத்த தண்ணீரைக் கக்கூசுக்கு எடுத்து வைப்போம். குளிக்க ஆளுக்கு அரை வாளி.

மறுநாள் காலை குளிக்கப் போனான். தாமிரபரணியில் முங்கி வளர்ந்த உடம்பு. சமையல்கட்டில் நின்ற எனக்குச் சொம்புச் சத்தம் கேட்கிறது. மொள்ளுகிறான், ஊற்றுகிறான், மொள்ளுகிறான், ஊற்றுகிறான். அடுப்பைத் தணித்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். நிற்கிற வழியாக இல்லை. கடைசியில் தலை சொட்டச் சொட்ட வெளியே வந்து, “என்ன மதினி, டிரம்மு அதுக்குள்ள காலியாயிட்டு” என்றான்.

மறுநாள் ராத்திரி வரைக்கும் வைத்திருந்த தண்ணீர் அது.

கூடத்தில் மாமியார் உட்கார்ந்திருந்தார். ஊரிலிருந்து வந்த பிள்ளையை நான் என்ன சொல்ல முடியும்? ராத்திரி ஒன்றரை மணிக்கு லாரி ஹாரன் கேட்டதும் அவனை எழுப்பி, கையில் இரண்டு பிளாஸ்டிக் குடத்தைக் கொடுத்து, “வா” என்றேன். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு தூக்கக் கலக்கத்தில் வந்தான். வரிசை முழுக்கப் பொம்பளைகள். இவன் நேராக லாரிப் பக்கம் போக, “இன்னா தம்பி, லைன்ல வா” என்று ஒரு அம்மா அதட்டினார். நின்றான். குடத்தைத் தூக்கி வந்தான், மாடிப்படியில் பாதியைச் சிந்தினான். அடுத்த நாளிலிருந்து அரை வாளியில் குளித்தான், நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அதற்குப் பிறகு தண்ணீர் வரிசைக்கு அவன்தான் போனான். கிண்டிக்கு எந்த பஸ், எந்தக் கடையில் மாதக் கணக்கு வைக்கலாம், யாரிடம் வாயைக் கொடுக்கக் கூடாது, எல்லாம் அங்கே நின்று தெரிந்துகொண்டதுதான். அவன் முதலில் வாடகைக்குப் பிடித்த அறையைச் சொன்னதும் அந்த வரிசையில் நின்ற இஸ்திரிக்கார அம்மாதான். என் வீட்டுக்காரர் ஸ்கூட்டரில் உட்கார வைத்து கன்சல்டன்சி கன்சல்டன்சியாகச் சுற்றினார், பெட்ரோல் போட்டார், தெரிந்தவர்களிடம் சொல்லி வைத்தார். அதையெல்லாம் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதைச் சொல்ல ஆள் இருக்கிறது, கல்யாண மண்டபத்தில் மைக் வைக்காத குறை.

முதல் சம்பளத்தைக் கொண்டுவந்து அண்ணன் கையில் கொடுத்தான். இவர், “நம்ம வீட்டுப் பிள்ளைகிட்ட காசு வாங்கவா?” என்று அவன் சட்டைப் பையிலேயே திணித்தார். அவன் கண் கலங்கினான், மாமியார் மூக்கை உறிஞ்சினார். அந்த மாதம் சிலிண்டர் இருபது நாளில் தீர்ந்திருந்தது. மளிகைக்கடைப் பாக்கிக்குக் கடைக்காரர் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டியவள் நான். காசு வேண்டாம் என்று சொல்வதற்கு அவருக்கு ஒரு பைசா செலவில்லை.

பெரம்பூரில் 1955இல் ரயில்பெட்டித் தொழிற்சாலை வந்த காலம் தொட்டு அயனாவரம், வில்லிவாக்கம், கொளத்தூர் பக்கம் ரயில்வேக் குடும்பங்கள் நிறைய. அந்த வீடுகளில் பாதி சத்திரம்தான். இன்டர்வியூவுக்கு ஒருவர், ஆஸ்பத்திரிக்கு ஒருவர், கவுன்சிலிங்குக்கு ஒருவர். தெற்கத்திக்காரர்கள் சென்னையில் இவ்வளவு பேர் ஊன்றி நிற்பதற்கு உழைப்பு காரணம், படிப்பு காரணம் என்பார்கள். அந்த வீடுகளில் ராத்திரி பதினோரு மணிக்கு எழுந்து இன்னும் இரண்டு தோசை ஊற்றிய பெண்ணை யாரும் காரணத்தில் சேர்க்க மாட்டார்கள்.

இப்போது உங்கள் கடிதத்தை நீங்களே இன்னொரு தடவை படியுங்கள். பெரியப்பா வீடு, பெரியப்பா வேலை, பெரியப்பா சொன்னது, பெரியப்பா பூட்டும் கேட். பெரியம்மா ஒரே ஒரு இடத்தில் வருகிறார். அதுவும் காரமாக. பாரமாக இருக்கக் கூடாது என்று எழுதத் தெரிந்த பிள்ளைக்கு, யாருக்குப் பாரம் என்று யோசிக்கத் தோன்றவில்லையா? “எத்தனை வருசம் வேணும்னாலும்” என்று பெரியப்பா சொன்னாரே, அப்போது பெரியம்மா பக்கத்தில் இருந்தாரா? அவரை யாராவது கேட்டார்களா?

அவருக்கும் அறுபதை ஒட்டி இருக்கும். பிள்ளைகளை ஆளாக்கி அனுப்பிவிட்டு இப்போதுதான் ஏழு மணி வரை படுத்திருக்கப் பழகியிருப்பார். கொளத்தூர் ஒரு கோடி, சோழிங்கநல்லூர் இன்னொரு கோடி. ஓ.எம்.ஆரில் மெட்ரோ ரயில் வேலைக்குப் போட்ட தடுப்புகளைத் தாண்டிப் போக இரண்டு மணி நேரம் பிடிக்கும். நீங்கள் ஆறரைக்குக் கிளம்ப அவர் ஐந்து மணிக்கு எழ வேண்டும். நீங்கள் பத்தரைக்கு வந்தால் அவர் விழித்திருக்க வேண்டும். பெரியப்பா பத்து மணிக்குப் பூட்டிவிட்டுப் படுத்துவிடுவார். சுதந்திரம் போவது உங்களுக்கா?

போகாதீர்கள் என்று சொல்லவில்லை. போங்கள். புது ஊரில் காய்ச்சல் வந்தால் கஞ்சி வைக்க ஒரு வீடு வேண்டும், அது லேசான விஷயமில்லை. ஆனால் மூன்று மாதம் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். பி.ஜி.யில் கேட்ட தொகையில் பாதிக்குக் குறையாமல் மாதம் பிறந்ததும் பெரியம்மா கையில் கொடுங்கள். பெரியப்பாவிடம் கொடுக்காதீர்கள், திருப்பித் தந்துவிடுவார். பெரியம்மாவும் வேண்டாம் என்பார். அஞ்சறைப் பெட்டிக்கு அடியில் வைத்துவிட்டு வந்துவிடுங்கள், எடுத்துக்கொள்வார். டிபன் டப்பாவை ராத்திரியே கழுவிக் கவிழ்த்துங்கள். காலையில் பையிலிருந்து புளித்த தயிர்சாத வாடையோடு எடுத்து நீட்டினால் எனக்கே கை ஓங்கத் தோன்றும்.

பெரியப்பாவிடம் கேட்டுப் பெற வேண்டிய உதவி மூன்றாவது மாதம் வரும். பேச்சிலருக்கு வீடு இல்லை என்று சொல்லும் வீட்டுக்காரர் முன்னால் வேட்டி கட்டிக்கொண்டு வந்து நின்று “எங்க பையன்” என்று அவர் சொல்ல வேண்டும். சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் கேட்பது வழக்கம். 2019இல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம் மூன்று மாதம் என்று சொல்கிறது, ஆனால் இரு தரப்பும் வேறு மாதிரி ஒப்புக்கொண்டால் ஆகட்டும் என்று அதிலேயே வழியும் இருக்கிறது. எனவே அடித்துப் பேசிக் குறைக்க ஒரு பெரியவர் தேவை. அதற்குக் கண்டிப்பான பெரியப்பா ரொம்பவே உபயோகப்படுவார்.

என்ன வாங்கிக்கொண்டு போக என்று கேட்டிருந்தீர்கள். திருநெல்வேலி அல்வா வாங்கிப் போகாதீர்கள், அது பெரியப்பாவுக்கு. பெரியம்மாவுக்கு ஊரிலிருந்து என்ன வேண்டும் என்று அவரிடமே போன் போட்டுக் கேளுங்கள். அவர் நம்பர் உங்களிடம் இருக்காது, அம்மாவிடம் கேட்டு வாங்குங்கள்.