நோகுக் ராணி: கேள்விகளும் பதில்களும்

கேள்வி: அக்கா, நோகுக் கொரிய ராணியா, மங்கோலிய இளவரசியா?

பதில்: இரண்டும்தான். சீனாவை ஆண்ட மங்கோலிய யுவான் அரச குடும்பத்தில் பிறந்தவர், இயற்பெயர் புத்தஷிரி. யுவானுக்கு அடங்கியிருந்த கொர்யோ (அன்றைய கொரியா) நாட்டு இளவரசர் கோங்மின் சிறு வயதிலேயே யுவான் தலைநகருக்கு அனுப்பப்பட்டு அங்கே வளர்ந்தவர். 1349இல் அங்கேயே கல்யாணம். 1351இல் கோங்மின் அரசரானதும் இருவரும் கொரியா வந்தார்கள்.

கேள்வி: கணவர் மங்கோலியரை எதிர்த்தாராமே. இவர் யார் பக்கம்?

பதில்: கணவர் பக்கம், கொஞ்சமும் சந்தேகம் வேண்டாம். கோங்மின் மங்கோலியச் சடையையும் உடையையும் விட்டார். 1356இல் யுவான் பேரரசி கீயின் அண்ணன் கீ சோலையே கொன்றார். இவ்வளவுக்கும் நோகுக் கூடவே நின்றார்.

1363இல் நடந்ததைச் சொன்னால் உங்களுக்கே புரியும். ஹுங்வாங் மடத்தில் அரசர் தங்கியிருந்தபோது கொலைகாரர்கள் புகுந்துவிட்டார்கள். அரசரைப் போலவே முகச்சாயல் கொண்ட ஆன் தோச்சி என்ற அரண்மனை ஊழியர் அரசரின் படுக்கையில் படுத்துக்கொண்டு, அவருக்குப் பதிலாக வெட்டுப்பட்டுச் செத்தார். அரசர் ஓர் உள்ளறையில் ஒளிந்திருந்தார். அந்த அறை வாசலை அடைத்துக்கொண்டு உட்கார்ந்தவர் நோகுக். யுவான் இளவரசி மேல் கை வைக்க எவனுக்குத் துணிச்சல் வரும்? பிறந்த வீட்டுப் பெயரையே கணவருக்குக் கேடயமாக்கியவர் அவர். ஆன் தோச்சியையும் மறக்காதீர்கள், அவரைப் பற்றிப் பேசுவோர் குறைவு.

கேள்வி: பெண்கள் முதுகின் மேல் நடந்தார் என்பது உண்மையா?

பதில்: ஆண்டோங் ஊர் மக்கள் வழிவழியாகச் சொல்லும் கதை அது. 1361இல் சீனாவின் செந்தலைப்பாகைக் கிளர்ச்சிக்காரர்கள் கொர்யோ தலைநகர் கேசோங்குக்குள் நுழைந்தபோது அரசரும் ராணியும் தெற்கே அங்கே தப்பிப் போனார்கள். வழியில் ஓடை. ஊர்ப்பெண்கள் வரிசையாகக் குனிந்து பாலமாக நிற்க, ராணி கடந்தாராம். இன்றும் அங்கே பெண்கள் அதை விளையாட்டாக ஆடுகிறார்கள்.

கேள்வி: குழந்தைகள் இருந்தார்களா?

பதில்: இல்லை. பல வருஷம் கழித்துக் கருவுற்று, 1365இல் பிரசவத்திலேயே இறந்துவிட்டார்.

கேள்வி: அப்புறம் அரசர்?

பதில்: அவர் தேறவே இல்லை. நல்ல ஓவியர், மனைவியின் படத்தைத் தன் கையாலேயே வரைந்தார். ஆட்சிப் பொறுப்பைத் துறவி ஷின் தோனிடம் விட்டார். 1374இல் அரசர் கொல்லப்பட்டார். கேசோங் அருகே இருவருக்கும் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மண்மேடுகள். உள்ளே, இரண்டு கல்லறை அறைகளுக்கும் நடுவில் ஒரு சின்னத் துளை விட்டிருக்கிறார்கள், இரண்டு ஆவிகளும் போய்வருவதற்கு.