செடர் விருந்துக்கு என்ன சமைப்பது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

யூதர்களின் பெசாக் பண்டிகையை (தமிழ் பைபிளில் பஸ்கா) ஒட்டி வந்த கேள்விகள் இவை. பெரும்பாலும் முதல் இரவு நடக்கும் செடர் விருந்தைப் பற்றியவை. செடரில் மொத்தம் 15 படிகள். எகிப்திலிருந்து விடுதலையான கதையைச் சொல்லும் ஹகாடா நூலை வாசித்து, பாடி, சாப்பாட்டுக்கு வருவது 11-வது படியில்தான். அடுப்பிலிருந்து இறக்கியதும் சாப்பிட வேண்டிய எந்தப் பண்டமும் இந்த விருந்துக்குச் சரிப்படாது. கீழே உள்ள பதில்களில் பாதி இதைச் சுற்றியே வரும்.

சம்பந்தி வீட்டார் யூதர்கள். இந்த முறை செடர் எங்கள் வீட்டில், பத்துப் பேர். எங்கிருந்து தொடங்குவது?

கடைக்குப் போகும் முன் சம்பந்தியம்மாவிடம் மூன்று விஷயங்களைக் கேட்டுவிடுங்கள்.

முதலாவது, உங்கள் சமையலறையில் சமைத்ததைச் சாப்பிடுவார்களா? கோஷர் என்னும் யூத உணவு விதிகளைக் கண்டிப்பாகப் பார்ப்பவர்கள் என்றால், கோஷர் கடையிலேயே இறைச்சி வாங்கினாலும் உங்கள் அடுப்பிலும் பாத்திரத்திலும் பட்டதும் அது கணக்கில் வராது. அப்படிப்பட்டவர்களுக்குப் பெசாக் சான்று பெற்ற கேட்டரிங்கில் சீல் வைத்த சாப்பாடு வாங்கிவிடுவதுதான் இரு தரப்புக்கும் நிம்மதி. இரண்டாவது, 'கிட்னியோட்' சாப்பிடுவார்களா? அரிசி, பருப்பு, பயறு, மக்காச்சோளம், கடுகு எல்லாம் இதில் அடக்கம். ஐரோப்பிய வழி வந்த அஷ்கெனாசி குடும்பங்கள் பெசாக்கில் இவற்றைத் தொடுவதில்லை. ஸ்பெயின், போர்ச்சுகல் வழி வந்த செபார்டி குடும்பங்கள் பலவற்றில் அரிசி உண்டு. அமெரிக்க யூதர்களில் ஒரு பிரிவான கன்சர்வேடிவ் இயக்கத்தின் சட்டக் குழு 2015 டிசம்பரில் இவற்றுக்கு அனுமதி கொடுத்தது. ஆனாலும் பழைய வழக்கத்தை விடாதவர்கள் நிறைய, அதனால் கேட்காமல் முடிவு செய்யாதீர்கள். மூன்றாவது, மட்ஸாவை (புளிப்பில்லாத அப்பம்) ஈரத்தில் நனைத்துச் சாப்பிடுவார்களா? கண்டிப்பான ஹசிடிக் பிரிவுக் குடும்பங்கள் பலவற்றில் மாட்டார்கள். அப்படியென்றால் சூப்பில் மிதக்கும் மட்ஸா உருண்டையே கிடையாது.

உங்கள் சமையலையும் நனைந்த மட்ஸாவையும் ஏற்பார்கள் என்றால், கிட்னியோட் இல்லாமல் அஷ்கெனாசி முறையில் பத்துப் பேருக்கு ஒரு மெனு: உப்புத் தண்ணீரோடு வேகவைத்த முட்டை 12, கெஃபில்ட்டே மீன் (அரைத்த மீனை உருட்டி வேகவைத்தது) ஆளுக்கு ஒரு துண்டு, மட்ஸா உருண்டை போட்ட சிக்கன் சூப் 3 லிட்டர், பிரிஸ்கெட் என்னும் மாட்டு நெஞ்சுக்கறி 3 கிலோ (பச்சை எடை), உருளைக்கிழங்கு குகெல் (துருவி முட்டை சேர்த்து ஓவனில் சுட்டது), நல்லெண்ணெய் தவிர்த்து ஆலிவ் எண்ணெயில் வதக்கிய அஸ்பாரகஸ் (எள்ளும் கிட்னியோட்தான்), கடைசியில் பாதாம் கேக், பழம். மட்ஸா 450 கிராம் பெட்டி இரண்டு. மீனையும் இறைச்சியையும் ஒரே தட்டில் வைக்கும் வழக்கம் இல்லை, மீன் தட்டை எடுத்துவிட்டுத்தான் சூப் வர வேண்டும். முட்டை மட்டும் மொத்தம் மூன்று டஜன் பிடிக்கும். பண்டிகை வாரத்தில் கடைகளில் சீக்கிரம் தீர்ந்துவிடும், முன்கூட்டியே வாங்கிவிடுங்கள்.

வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள். இரண்டு நாள் முன்பு சூப்பும் பிரிஸ்கெட்டும். முந்தின நாள் கேக், பிரிஸ்கெட்டை வெட்டி அடுக்குவது. அன்று பகலில் குகெல், முட்டை, ஹரோசெட் (செடருக்கான இனிப்புப் பழக் கலவை), மட்ஸா உருண்டை. குகெலுக்கு 200 டிகிரி வேண்டும், பிரிஸ்கெட்டைச் சூடுபண்ண 150 போதும். ஒரே ஓவன் என்றால் குகெலை மாலையிலேயே முடித்துவிட்டு, பிறகு இரண்டையும் சேர்த்து 150-ல் வைக்கலாம்.

இருட்டிய பிறகுதான் தொடங்குவோம் என்பவர்களுக்குச் சாப்பாடு பத்து மணிக்கு மேல் ஆகும். (2027-ல் செடர் இரவு ஏப்ரல் 21. நியூயார்க் பக்கம் இருட்டவே கிட்டத்தட்ட எட்டரை.) குழந்தைகளுக்கு நாலரை ஐந்து மணிக்கே வயிறு நிறையக் கொடுத்துவிடுங்கள். கர்பாஸ் என்று காய்கறியை உப்புத் தண்ணீரில் தொட்டுச் சாப்பிடும் படி சீக்கிரமே வரும். அதற்குப் பார்ஸ்லிக்குப் பதில் வேகவைத்த உருளைக்கிழங்கு வைக்கும் வீடுகளும் உண்டு. பெரியவர்கள் பசி தாங்க அது உதவும், எவ்வளவு சாப்பிடலாம் என்பதை அவர்கள் வழக்கத்துக்கு விட்டுவிடுங்கள்.

மட்ஸா உருண்டை ஒருமுறை கல்லாகிறது, அடுத்த முறை கரைந்துபோகிறது. சரியான அளவு என்ன?

முட்டை 4, மட்ஸா மாவு (மட்ஸாவைப் பொடித்தது) 120 கிராம், கோழிக்கொழுப்பு அல்லது எண்ணெய் 60 மி.லி., சூப் தண்ணீர் 60 மி.லி., உப்பு ஒரு டீஸ்பூன். முந்தின நாள் குளிரவைத்த சூப்பின் மேல் உறைந்து நிற்கும் கொழுப்பையே இதற்கு எடுத்துக்கொள்ளலாம், தனியாக வாங்க வேண்டியதில்லை.

கலந்தவுடன் களி போல நெகிழ்வாகத்தான் இருக்கும். இந்த இடத்தில் பயந்து இன்னும் இரண்டு கரண்டி மாவு போடுவதால்தான் கல்லாகிறது. மூடி ஃப்ரிட்ஜில் ஒரு மணி நேரமாவது வையுங்கள். மாவு தண்ணீரை இழுத்துக்கொண்டு தானாகக் கெட்டிப்படும். கையை ஈரமாக்கிக்கொண்டு, அழுத்தாமல், நெல்லிக்காய் அளவுக்கு உருட்டுங்கள். வெந்ததும் இரண்டு மடங்காகும்.

அகலமான பாத்திரத்தில் உப்புத் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, உருண்டைகளைப் போட்டதும் தீயைக் குறைத்து மூடிவிடுங்கள். தளதளவென்று கொதித்தால் உடைந்து கரையும். 35 நிமிடம் மூடியைத் திறக்கக் கூடாது. ஒன்றை வெட்டிப் பாருங்கள்: நடுவில் நிறம் மாறிய கெட்டிப் பகுதி தெரிந்தால் இன்னும் பத்து நிமிடம். சூப்பிலேயே நேராக வேகவைத்தால் சூப் கலங்கிப்போவதோடு பாதியை உருண்டைகள் குடித்துவிடும். பரிமாறும் முன் மாற்றினால் போதும்.

பஸ்கா என்றாலே ஆட்டுக்குட்டிதானே? முழு ஆட்டுத்தொடையை ரோஸ்ட் செய்யலாமா?

வேண்டாம். கி.பி. 70-ல் எருசலேம் ஆலயம் அழிந்தபின் பலி நின்றுபோனது. பலி ஆட்டை நெருப்பில் சுட்டுத்தான் சாப்பிட்டார்கள் என்பதால், அதே இரவில் சுட்ட இறைச்சியை மேசைக்குக் கொண்டுவருவதை அஷ்கெனாசிகள் தவிர்க்கிறார்கள். ஊருக்கு ஊர் இதில் வழக்கம் மாறும் என்று பழைய யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னாவே சொல்கிறது. போதாக்குறைக்கு, பின்னந்தொடையில் ஓடும் பெரிய நரம்பை நீக்கினால்தான் அது கோஷர். அந்த வேலை கடினம் என்பதால் இஸ்ரேலுக்கு வெளியே கோஷர் கடைகளில் பின்தொடை கிடைப்பதே அரிது.

அதனால்தான் மாட்டின் நெஞ்சுப்பகுதியான பிரிஸ்கெட். குழம்பிலேயே வேகும், இரண்டு நாள் முன்பே செய்யலாம், எத்தனை மணிக்குச் சாப்பாடு வந்தாலும் கெடாது. செடருக்கென்றே அமைந்த துண்டு என்பேன்.

3 கிலோ துண்டு வெந்தபின் இரண்டு கிலோவுக்கும் கீழே இறங்கிவிடும், பத்துப் பேருக்கு அது சரியாக இருக்கும். கோஷர் இறைச்சியைக் கடையிலேயே உப்பிட்டுக் கழுவியிருப்பார்கள், வழக்கமான உப்பில் பாதி போடுங்கள். இரண்டு பக்கமும் நன்றாகச் சிவக்க வறுத்து எடுத்துவிட்டு, அதே பாத்திரத்தில் ஆறு பெரிய வெங்காயத்தைப் பொன்னிறமாக வதக்குங்கள். பூண்டு, தக்காளி விழுது இரண்டு மேசைக்கரண்டி, கோஷர் சிவப்பு ஒயின் 250 மி.லி., இறைச்சியின் பாதி உயரத்துக்கு சூப் தண்ணீர். கொழுப்புப் பக்கம் மேலே இருக்கட்டும். இறுக மூடி 160 டிகிரியில் மூன்றரை முதல் நான்கு மணி நேரம்.

முள்கரண்டி குத்தித் திருகினால் தடையில்லாமல் திரும்ப வேண்டும். மூன்று மணி நேரத்தில் பார்த்துவிட்டு 'ரப்பர் மாதிரி இருக்கிறது, அதிகம் வெந்துவிட்டது' என்று எடுத்துவிடுபவர்கள் உண்டு. உண்மையில் அது வேகவில்லை. நார்களுக்கிடையே உள்ள சவ்வு, உள்சூடு 90 டிகிரியைத் தாண்டிச் சிறிது நேரம் நின்றபிறகுதான் உருகும். சூட்டோடு வெட்டினால் நார்நாராகப் பிய்யும். குழம்போடு ஒரு இரவு குளிரவைத்து, மேலே உறைந்த கொழுப்பை எடுத்துவிட்டு, நாருக்குக் குறுக்காக அரை செ.மீ. துண்டுகளாக்கி, குழம்பில் அடுக்கி மூடிவையுங்கள். பரிமாறும் முன் 150 டிகிரியில் ஒரு மணி நேரம்.

நம் வீட்டு அஞ்சறைப்பெட்டிச் சாமான்களில் எதைப் பயன்படுத்தலாம்?

முதலில் பெருங்காயத்தைத் தள்ளிவையுங்கள். கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவு கலப்பது சாதாரணம். கோதுமை, வாற்கோதுமை, ஓட்ஸ், ரை, ஸ்பெல்ட் ஆகிய ஐந்தும் ஈரம் பட்டுப் புளித்தால் 'ஹமெட்ஸ்'; பெசாக்கில் கிட்னியோட்டைவிடப் பல மடங்கு கடுமையான தடை இது. கடுகு, வெந்தயம், பருப்புத் தாளிப்பு எதுவும் அஷ்கெனாசி மேசைக்கு ஆகாது. சீரகத்தையும் தனியாவையும் சிலர் ஏற்பார்கள், சிலர் மாட்டார்கள். மிளகு, மஞ்சள், பட்டை, இஞ்சி போன்றவை பெசாக் முத்திரையோடு புதிய பாக்கெட்டாக இருக்கட்டும். மாவுக் கரண்டி புழங்கிய பழைய டப்பாவிலிருந்து எடுக்காதீர்கள்.

நெய் பால்பொருள், இறைச்சி விருந்தில் ஒரு சொட்டும் சேரக் கூடாது. தேங்காய்க்குத் தடையில்லை. டின் தேங்காய்ப்பாலில் மட்டும் கவனம்: அதைக் கெட்டியாக்கச் சேர்க்கும் குவார் பசை நம் கொத்தவரை விதையிலிருந்து வருவது, ஆகவே அதுவும் கிட்னியோட். துருவிப் பிழிந்த பால் இருக்க டின் எதற்கு?

பால், வெண்ணெய், மைதா மூன்றும் இல்லாமல் என்ன இனிப்பு செய்வது?

ஆரஞ்சு பாதாம் கேக். இரண்டு ஆரஞ்சைத் தோலோடு முழுதாக ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் வேகவையுங்கள். விதையை எடுத்துவிட்டு மொத்தமாக அரைத்து, முட்டை 6, சர்க்கரை 250 கிராம், பாதாம் பொடி 250 கிராம் சேர்த்து, எண்ணெய் தடவிய 23 செ.மீ. அச்சில் 170 டிகிரியில் ஒரு மணி நேரம் முதல் 70 நிமிடம். ஆரஞ்சு சரியாக வேகாவிட்டால் கேக் கசக்கும். சூட்டில் கவிழ்த்தால் நடுப்பகுதி ஒட்டிக்கொண்டு வரும். முழுதாக ஆறட்டும், மறுநாள் சுவை கூடும். மேலே தூவக் கடை ஐசிங் சர்க்கரை வேண்டாம், அதில் சோளமாவு இருக்கும். சாதாரண பேக்கிங் பவுடருக்கும் அதே கதை.

இனிப்பைச் சாப்பாட்டோடு சேர்த்தே முடித்துவிடுங்கள். அதன்பின் வரும் அஃபிகோமன் என்னும் மட்ஸாத் துண்டுதான் அன்றைய கடைசி உணவு, அதை நள்ளிரவுக்குள் சாப்பிட வேண்டும். அதற்குமேல் கேக்கை நீட்டினால் விருந்தாளிகள் சங்கடப்படுவார்கள்.

செடரில் சாப்பிடும் கசப்புக்கு (மரோர்) ஹார்ஸ்ராடிஷ் என்னும் காரமான வேரைத் துருவினேன். கண் எரிந்ததுதான் மிச்சம், மேசையில் காரமே இல்லை. ஏன்?

அந்தக் காரம் வேரில் தயாராக இருப்பதில்லை. துருவும்போது திசுக்கள் கிழிந்து உருவாகி, காற்றில் பறந்துவிடும். காலையிலேயே துருவித் திறந்துவைத்திருப்பீர்கள். சாப்பாட்டு நேரத்துக்கு முடிந்தவரை அருகில், ஜன்னலைத் திறந்துவைத்துத் துருவி, உடனே இறுக மூடுங்கள். மீனுக்குத் தொட்டுக்கொள்ள என்றால் 200 கிராம் வேருக்கு இரண்டு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு, ஒரு டீஸ்பூன் சர்க்கரை, கொஞ்சம் உப்பு. துருவி மூன்று நிமிடம் கழித்துச் சாறு சேர்த்தால் காரம் தங்கும், உடனே சேர்த்தால் மட்டுப்படும். சடங்குக்கு உரிய மரோர், புளிப்பில் ஊறாத வெறும் வேராகவோ ரோமெய்ன் கீரையாகவோ இருக்க வேண்டும். கீரையை இலை இலையாகப் பிரித்து, பூச்சி இல்லாமல் அலசுங்கள்.

ஒரு விருந்தாளிக்கு வாதுமை, அக்ரூட் ஒவ்வாமை. ஹரோசெட் எப்படி?

வழக்கமான கலவை: ஆப்பிள் 4, அக்ரூட் 150 கிராம், பட்டைத்தூள் ஒரு டீஸ்பூன், இனிப்பு ஒயின் 75 மி.லி. அக்ரூட்டுக்குப் பதில் பொடியாக நறுக்கிய பேரீச்சையும் உலர் அத்தியும் போடுங்கள். சூரியகாந்தி விதை என்ற யோசனை வரும்; அதுவும் அஷ்கெனாசி கணக்கில் கிட்னியோட். பாதாம் கேக்கையும் மாற்ற வேண்டியிருக்கும், மறந்துவிடாதீர்கள்.

சைவ விருந்தாளிக்கு?

சடங்குப் பண்டங்களை அடுக்கும் செடர் தட்டில், பலியின் நினைவாக வைக்கும் ஆட்டெலும்புக்குப் பதில் பீட்ரூட் வைக்கலாம். யூதச் சட்ட விளக்க நூலான தல்முத்திலேயே ராவ் ஹூனா என்ற அறிஞர் பீட்டும் அரிசியும் சொல்லியிருக்கிறார். முக்கிய உணவுக்கு, தண்ணீரில் நனைத்த மட்ஸாவை அடுக்கி நடுவே வதக்கிய பசலையும் காளானும் வைத்துச் சுட்ட 'மீனா'. கீரையை ஒட்டப் பிழியாவிட்டால் அடி சொதசொதக்கும். முட்டை சேரும் பண்டம் இது. சாப்பிடாதவர் என்றால் கத்தரிக்காயும் உருளைக்கிழங்கும் தக்காளியில் வேகவைத்துக் கொடுங்கள். சூப்புக்குத் தனியாகக் காய்கறிச் சாறு வேண்டும், உருண்டையில் எண்ணெய்.

எவ்வளவு ஒயின் வாங்குவது?

ஆளுக்கு நான்கு கோப்பை. கோப்பையின் குறைந்தபட்ச அளவு சுமார் 86 மி.லி. என்பது ஒரு கணக்கு, 150 என்பது கண்டிப்பான கணக்கு. பெரியவருக்கு அரை பாட்டில் வீதம் பத்துப் பேருக்கு ஐந்து, கூட ஒன்று; குழந்தைகளுக்குத் திராட்சைச் சாறு. கோஷர் சான்றோடு 'மெவுஷால்' (சூடாக்கியது) என்று போட்டிருக்கிறதா பாருங்கள். யூதரல்லாதவர் ஊற்றினால் மற்ற ஒயினைக் கண்டிப்பானவர்கள் குடிக்க மாட்டார்கள். பீரும் விஸ்கியும் ஹமெட்ஸ், மேசைப்பக்கம் வரவே கூடாது.

நாங்கள் விருந்தாளிகளாகப் போகிறோம். என்ன எடுத்துப்போகலாம்?

வீட்டில் செய்த எதுவும் வேண்டாம், பூ போதும். இருட்டிய பிறகு போகிறீர்கள் என்றால் அதையும் பகலிலேயே கொடுத்தனுப்புங்கள். இனிப்புதான் வேண்டும் என்றால் சீல் பிரிக்காத பெட்டியில், கோஷர் முத்திரைக்குப் பக்கத்தில் 'பி' என்ற ஆங்கில எழுத்து இருக்கிறதா பாருங்கள். அது பெசாக்குக்கு ஏற்றது என்பதற்கான குறி. 'பி'க்குப் பால் கலக்காதது என்று அர்த்தம் செய்துகொண்டு பால் சாக்லேட் வாங்கிப் போகிறவர்கள் உண்டு. பால் உள்ளதற்குத் தனிக்குறி 'டி'. இரண்டு எழுத்தையும் பார்த்து வாங்குங்கள்.