ஹட்டன் ரவுட்டர்: லைனை விடுங்கள், டீகேமைப் பாருங்கள்

உங்கள் ஹட்டன் ரவுட்டரில், இரண்டாவது அப்ஸ்ட்ரீமிடம் (உங்களுக்கு இணையம் தரும் மேல் நிறுவனம்) முழு பிஜிபி டேபிள் (இணையம் முழுவதற்குமான வழிப்பட்டியல்) வாங்கிய மறுநாளிலிருந்து சில தளங்கள் மட்டும் ஊர்கின்றன, 10 ஜிகாபிட் லிங்கில் கால்வாசிகூட நிரம்பவில்லை, ஆனால் சீபீயூ 95 சதவீதம் என்கிறீர்கள். பைபரைக் குறை சொல்லாதீர்கள், மழை மீதும் பழி போடாதீர்கள்.

10 ஜிகாபிட்டில் 64 பைட் பெக்கட்டுகள் (தரவுத் துண்டுகள்) முழு வேகத்தில் வந்தால் நொடிக்கு 1.48 கோடி, அதாவது ஒன்றுக்கு 67 நானோசெக்கன் தான் அவகாசம். அதனால்தான் பாதை தேடும் வேலையை டீகேம் என்ற சிப் செய்கிறது, தன்னிடம் உள்ள டேபிள் வரிகள் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் ஒப்பிட்டுவிடும். கொழுந்து நிறுக்கும் இடத்தில் கணக்கப்பிள்ளைக்குப் பெயர் தெரிந்தவர்கள் சட்டென்று போவார்கள், தெரியாதவரை ஆபீசுக்கு அனுப்பினால் அங்கே வரிசை நீளும் இல்லையா, அதே கதைதான். உங்கள் பழைய மொடலின் டீகேமில் ஐபிவி4க்கு (பழைய வகை இணைய முகவரி) ஏறக்குறைய 5 லட்சம் வரிதான் இடம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இன்றைய டேபிள் 9 லட்சத்தைத் தாண்டிவிட்டது. மிஞ்சியதெல்லாம் சீபீயூ தலையில். 2014 ஆகஸ்ட் 12இல் உலகம் முழுக்கப் பல ரவுட்டர்கள் படுத்ததும் இந்த 5 லட்சத்துச் சொச்ச எல்லையில்தான்.

ரவுட்டர் தன் நிகழ்வுகளை எழுதிவைக்கும் லொக்கில் டீகேம் நிரம்பியதாக ஒரு வரி கிடக்கும், தேடுங்கள். அப்புறம் இரு அப்ஸ்ட்ரீமிடமும் டிபோல்ட் ரூட்டும் (தனி வழி தெரியாத பெக்கட்டுகள் எல்லாம் போகும் பொது வழி) அவர்களுடைய வாடிக்கையாளர் ரூட்டுகளும் மட்டும் கேளுங்கள். டிபோல்ட் வந்துசேர்ந்ததைப் பார்க்காமல் /24களை (256 முகவரி மட்டும் கொண்ட சின்ன ரூட்டுகள்) வடிகட்டிவிடாதீர்கள், பண்டாரவளையில் நான் அதைச் செய்து ஒரு இரவு முழுக்க ஏச்சு வாங்கினேன். டீகேமில் ஐபிவி6க்கு (புதிய வகை முகவரி) ஒதுக்கிய பங்கைக் குறைத்து இடம் பிடிக்கலாம்தான், ஆனால் ரவுட்டரை ரீலோட் செய்ய (அணைத்துத் தொடங்க) வேண்டும், அப்படியும் இன்றைய டேபிள் முழுதாக அதில் அடங்கும் என்று நம்ப முடியாது.