படிப்பறைச் சுவரைச் சுற்றி, கதவுக்கு மேலே பொம்மை ரயில் ஓட்டுவது எப்படி? ஆசாரி சொல்வதுபோல 1 அடி பலகை போதுமா?

கேள்வியில் உள்ள விவரம்: பல்லடம் பக்கம் வீடு, 10-க்கு 12 அடி அறை, கூரை 10 அடி உயரம், நடுவில் மின்விசிறி. 1 அடி அகலப் பலகை அடித்துவிட்டால் ரயிலும் ஓடும், புத்தகமும் வைக்கலாம் என்று ஆசாரி சொல்கிறார்.

வேண்டாமுங்க. 1 அடி பலகை போட்டால் ரயில் ஓடும் சத்தம்தான் கேட்கும், ரயில் கண்ணில் படாது.

கணக்கு இதுதான். நாற்காலியில் உட்கார்ந்தால் கண் தரையிலிருந்து சுமார் 1.2 மீட்டர். பலகை 2.2 மீட்டர். எதிர்ச் சுவரோரம் உட்கார்ந்து 2.5 மீட்டர் தள்ளிப் பார்த்தால், ரயில் விளிம்பிலிருந்து எவ்வளவு உள்ளே தள்ளி ஓடுகிறதோ அதில் ஐந்தில் இரண்டு பங்கு உயரத்தைப் பலகையே மறைத்துவிடும். ஹெச்ஓ (HO, நிஜ ரயிலில் 87-ல் ஒரு பங்கு அளவு) பெட்டி ஒன்றின் உயரம் சுமார் 5 செ.மீ. 1 அடி பலகையின் நடுவில் அது ஓடினால் விளிம்புக்கும் பெட்டிக்கும் இடையே 13 செ.மீ. இருக்கும், 5 செ.மீ. மறைந்துபோகும். கூரை மட்டும் கீற்றாகத் தெரியும். பலகையை 115 மி.மீ. ஆக்கி, பாதையின் நடுக்கோட்டை விளிம்பிலிருந்து 40 மி.மீ.-ல் வைத்தால் மறைவது 9 மி.மீ. தான். அடியில் ஒட்டும் கார்க், தண்டவாள உயரம் இரண்டும் சேர்ந்தே ஏறக்குறைய அவ்வளவு வரும். சக்கரத்திலிருந்து மேலே முழு ரயிலும் தெரியும். புத்தகத்துக்குத் தனியாக வேறு ஸ்டாண்ட் பாருங்கள்.

அடுத்து, எந்த அளவு ரயில். ‘என்’ (N) அளவு, அதாவது 1:160, அந்த உயரத்தில் எறும்பு ஊர்வலம் மாதிரிதான் இருக்கும். ‘ஜி’ (G) அளவு பார்வைக்கு நெம்ப நன்றாக இருக்கும். அதன் 45 மி.மீ. பாதை 1:22.5 கணக்கில் ஏறக்குறைய மீட்டர் கேஜ் என்பதால், மேட்டுப்பாளையம் - ஊட்டி ரயிலை மனதில் வைத்திருப்பவர்களுக்குப் பொருத்தமும்கூட. ஆனால் என்ஜின் மட்டுமே கிலோ கணக்கில் இருக்கும், 18 மி.மீ. பலகை, அகலமும் இரட்டிப்பு, சத்தமும் அதிகம். இந்த அறைக்கு ஹெச்ஓ (1:87, பாதை 16.5 மி.மீ.) போதும். நம் அகலப்பாதை 1676 மி.மீ.; 87-ல் வகுத்தால் 19 மி.மீ. வரவேண்டும், எனவே இந்திய என்ஜின் மாதிரிகள் கொஞ்சம் ஒடுங்கிய பாதையில்தான் நிற்கும். கீழிருந்து பார்ப்பவர் யாரும் அதைக் கண்டுபிடிக்கப் போவதில்லை. பென்டார்ச் செல் போடும் பிளாஸ்டிக் ரயிலை மட்டும் மேலே ஏற்றாதீர்கள். செல் தீரும்போதெல்லாம் ஏணி போட வேண்டும்.

மரம். 12 மி.மீ. பிளைவுட், பிடபிள்யூஆர் (ஈரம் தாங்கும்) தரம், 8-க்கு 4 அடி ஷீட் ஒன்றே இந்த அறை முழுதுக்கும் போதும், வெட்டும் முறை தெரிந்தால். ஷீட்டை நீளவாக்கில் இரண்டாகப் பிளக்கவும். ஒரு பாதியில் 2 அடிச் சதுரம் நான்கு. அவை நான்கு மூலைக்கும். மறு பாதியில் 115 மி.மீ. அகலத்தில் 8 அடிப் பட்டை ஐந்து வரும். 12 அடிச் சுவரில் இரு மூலைச் சதுரம் போக மீதி 8 அடி, 10 அடிச் சுவரில் மீதி 6 அடி. ஆக நான்கு பட்டை போதும், ஒன்று உபரி. ரம்பம் தின்றதுபோகச் சதுரம் 607 மி.மீ. தான் நிற்கும், நீங்களும் அதையே அளவாக வையுங்கள். கடையிலேயே பேனல் ரம்பத்தில் வெட்டி வாங்குவது நல்லது. கைரம்பத்தில் 8 அடி நேராக வராது.

சதுரத்தின் உள்மூலையை மையமாக வைத்து 492 மி.மீ. ஆரத்தில் கால்வட்டத்தை வெட்டி எடுக்கவும். பாதையின் நடுக்கோடு 532 மி.மீ. ஆரம். ஆணியும் நூலும் வைத்து இழுத்தால் நூல் இழுபடும், வட்டம் கோணும்; ஒரு ரீப்பரில் இரண்டு துளை போட்டுச் சுற்றுங்கள். கோவையில் கணபதி, பீளமேடு பக்கம் சிஎன்சி ரூட்டர் வைத்திருக்கும் பட்டறையில் கொடுத்தால் நான்கும் ஒரே அச்சில் வந்துவிடும். வெட்டி விழும் கால்வட்டத்தைத் தூக்கிப் போடாதீர்கள். பலகைகள் சேருமிடம் எட்டு. அடியில் ஒட்டுப்பலகையாகத் திருக அதுவே ஆகும்.

பெயின்ட் இரண்டு பக்கமும் அடிக்க வேண்டும். மேலே மட்டும் அடித்தால் ஈரம் ஒரு பக்கமாகவே ஏறி இறங்கிப் பலகை வளையும். கீழே நிற்பவர் பார்ப்பதும் அடிப்பக்கத்தைத்தான்.

உயரம்: கதவு நிலை 7 அடி என்றால் பலகையின் மேல்மட்டம் 7 அடி 3 அங்குலம். அட்டாலி இருக்கும் வீட்டில் அதன் சிலாப் மேல்மட்டமும் பெரும்பாலும் அங்கேயே வரும். அந்தச் சுவரில் தனிப் பலகை இல்லாமல் சிலாப்பின் முன் விளிம்பிலேயே பாதையை ஓட்டிவிடலாம், ஆனால் அப்போது மேலே சொன்ன அளவெல்லாம் மாறும். ஏசி இருந்தால் அதன் காற்று வாய் கீழே திறக்கும் இடத்தை அளந்த பிறகே எதையும் முடிவு செய்யுங்கள்.

மட்டம் எடுக்கத் தரையிலிருந்து அளக்காதீர்கள். தரை தண்ணீர் வடிய ஏதாவது ஒரு பக்கம் வாட்டமாகத்தான் இருக்கும். டியூப் மட்டம் வைத்து நான்கு மூலையிலும் குறித்து, இடையில் நூல் அடிக்கவும். 1 மீட்டருக்கு 1 செ.மீ. ஏற்றம் இருந்தாலே நீள ரயில் ஒரு பக்கம் முக்கும், மறுபக்கம் பறக்கும். (ஊட்டி ரயில் 12-க்கு 1 ஏறுகிறதே என்று கேட்பார்கள். அது கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே பல்சக்கரம் பிடித்து ஏறுகிறது.)

லிண்டல் பெல்ட் சுற்றிவர ஓட்டியிருக்கும் வீட்டில் டிரில் கான்கிரீட்டில்தான் இறங்கும். ஹாமர் டிரில் இல்லாமல் ஆகாது, ஆனால் பிடிப்பு அசையாது. கம்பி தட்டினால் 1 அங்குலம் தள்ளிப் போடுங்கள். செங்கல் என்றால் 8 மி.மீ. துளை, 50 மி.மீ. ஆழம், நைலான் பிளக். பூச்சு மட்டுமே 12 முதல் 15 மி.மீ. இருக்கும், அது எடை தாங்காது. ஹாலோ பிளாக்கில் சாதா பிளக் உள்ளே சுழலும், விரியும் வகை ஆங்கர் வேண்டும். சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலே எங்கும் துளை போடக்கூடாது, ஒயர் குழாய் அங்கேதான் ஏறுகிறது. வேலை முடியும்வரை விசிறியின் மெயினை அணைத்து வையுங்கள்.

நேர்ப் பலகைக்கு ஒன்றரை அடிக்கு ஒரு 4 அங்குல பிராக்கெட். மூலைப் பலகை உள்ளே 26 செ.மீ. வரை நீட்டிக்கொண்டிருப்பதால், மூலையிலிருந்து 9 அங்குலத்தில் இரு சுவரிலும் ஒவ்வொரு 8 அங்குல பிராக்கெட், கூடவே வெளிமுனையில் சின்னது ஒவ்வொன்று. 10 அங்குலம் வாங்கினால் இரண்டும் ஒன்றையொன்று முட்டும். மொத்தம் 38 வரும். பிராக்கெட்டுக்கும் பலகைக்கும் நடுவில் ரப்பர் வாஷர் போட்டால் சுவர் அதிராது.

இனி பாதை. ரயில் செட்டோடு வரும் வளைவுத் துண்டுகளை விட்டுவிட்டு 914 மி.மீ. நீள ஃப்ளெக்ஸி டிராக் (கையால் வளைக்கக்கூடிய பாதை) வாங்குங்கள். இந்தச் சுற்று 11.9 மீட்டர். 13 துண்டு 2 செ.மீ. பற்றாது; 14 வேண்டும், 15 வாங்குங்கள். ஒரு மூலையின் வளைவு 836 மி.மீ., எனவே ஒரே துண்டில் முழு வளைவும் முடிந்து இரு முனையிலும் 39 மி.மீ. நேராக மிஞ்சும். 532 ஆரம் வைத்ததன் பெரிய லாபம் இதுதான். வளைவின் நடுவில் இணைப்பு வந்தால் அங்கே முட்டி போட்டதுபோல் கோணும், பெட்டி தடம் புரள்வது எப்போதும் அந்த இடத்தில்தான். வளைக்கும்போது உள் தண்டவாளம் 26 மி.மீ. வெளியே நீளும். அதை வெட்டி, முனையை அரத்தால் தேய்த்து, பிசிர் இல்லாமல் ஜாயினரில் ஏற்றவும்.

அடியில் 3 மி.மீ. கார்க்கை ஃபெவிகாலால் ஒட்டுங்கள். பாதையை ஆணி அடித்து இறுக்கினால் கார்க் போட்ட பயனே போய்விடும், ஆணி வழியாகச் சத்தம் நேராகப் பலகைக்கு இறங்கும். அக்ரிலிக் சீலன்ட்டை மெல்லிசாகத் தடவி ஒட்டினால் பின்னால் கத்தியால் கிளப்பவும் முடியும். 20 டிகிரி வெப்ப மாற்றத்துக்கு 12 மீட்டர் தண்டவாளம் சுமார் 4 மி.மீ. நீளும். மார்கழிக் காலையில் போட்டால் ஒவ்வொரு இணைப்பிலும் இரண்டு விசிட்டிங் கார்டு கனத்துக்கு இடைவெளி விடுங்கள். சித்திரை மதியத்தில் போட்டால் கிட்டத்தட்ட முட்டியே போடலாம். இடைவெளி விடாத பாதை வெயில் காலத்தில் பாம்பு மாதிரி நெளிந்து பலகையிலிருந்து கிளம்பும்.

மின்சாரம் ஒரே இடத்தில் கொடுத்தால் ரயில் எதிர்ச் சுவருக்குப் போகும்போது தள்ளாடும். ஜாயினர்கள் நாளாகக் களிம்பேறி மின்சாரத்தைத் தின்னும். பலகைக்கு அடியில் 1.5 சதுர மி.மீ. ஒயர் இரண்டு, சிவப்பும் கறுப்பும், சுற்றிவர ஓடட்டும். 14 துண்டுக்கும் தனித்தனியாக 0.5 சதுர மி.மீ. ஒயரைத் தண்டவாளத்தின் வெளிப்பக்கம் சால்டர் செய்து, 4 மி.மீ. துளை வழியாகக் கீழே இறக்கி அதில் சேர்க்கவும். சிவப்பு எப்போதும் வெளித் தண்டவாளம். சின்ன 15 வாட் அயர்ன் வைத்து நேரம் கடத்தினால் பிளாஸ்டிக் சிலீப்பர் உருகும். 40 வாட், மூன்று நொடி, இரு பக்கமும் ஈரப் பஞ்சு. ஆசிட் ஃபிளக்ஸ் வேண்டாம், ரோசின்தான். இந்தச் சால்டரிங் எல்லாம் கீழே மேசையில் முடிய வேண்டும். ஒவ்வொரு ஜோடியைச் சேர்த்ததும் மல்டிமீட்டர் பஸ்ஸரை வைத்துப் பாருங்கள். பதினான்கையும் சேர்த்த பிறகு ஷார்ட் என்று தெரிந்தால் ஏணியிலேயே பொழுது போய்விடும்.

ஒரே ரயில், ஒரே சுற்று என்றால் டிசிசி (ஒவ்வொரு என்ஜினுக்கும் தனித்தனியாகக் கட்டளை அனுப்பும் டிஜிட்டல் முறை) எல்லாம் வீண் செலவு. 12 வோல்ட் 2 ஆம்பியர் அடாப்டர், ஒரு பிடபிள்யூஎம் வேகக் கட்டுப்பாட்டுப் பலகை, திசை மாற்ற டிபிடிடி சுவிட்ச், 1 ஆம்பியர் ஃபியூஸ். இவற்றை மேசையில் வைத்து, பிவிசி கேசிங் வழியாக இரண்டு ஒயர் மேலே போனால் போதும். டிசிசி டிகோடர் உள்ள என்ஜினை மட்டும் இதில் ஓட்டாதீர்கள்.

விளிம்புத் தடுப்பைத் தள்ளிப் போட வேண்டாம். 7 அடியிலிருந்து விழும் என்ஜின் உடையும், கீழே இருக்கும் தலையையும் உடைக்கும். 50 மி.மீ. உயர, கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பட்டையைப் பலகையின் அடிமட்டத்தோடு சேர்த்துத் திருகினால் தண்டவாளத்துக்கு மேல் 30 மி.மீ. நிற்கும், சாய்ந்த பெட்டியைப் பிடிக்க அது போதும். நேர்ப் பலகையில் 3 மி.மீ. அக்ரிலிக், மூலையில் 2 மி.மீ. பாலிகார்பனேட். அக்ரிலிக்கை அப்படியே வளைத்துத் திருகினால் கொஞ்ச நாளில் திருகைச் சுற்றி விரிசல் விடும். திருகுத் துளையைத் திருகைவிட 1 மி.மீ. பெரிதாகப் போடுங்கள். 30 செ.மீ. நீளப் பெட்டி இந்த வளைவில் நடுவில் உள்பக்கம் 11 மி.மீ. பிதுங்கும், முனையில் வெளிப்பக்கம் 10 மி.மீ. 40 மி.மீ. கணக்கில் அதற்கு இடம் இருக்கிறது. விளிம்புக்கு இன்னும் நெருக்கினால் உரசும்.

மேலே ஏற்றும் முன் எட்டுப் பலகையையும் தரையில் அறை அளவுக்கே பரப்பி, பாதையை ஒட்டாமல் கோத்து, உள்ளதிலேயே நீளமான பெட்டியோடு இரு திசையிலும் அரை மணி நேரம் ஓட்டுங்கள். தடம் புரளும் இடத்தில் சாக்பீஸ் கோடு போட்டுச் சரி செய்யுங்கள். தரையில் ஒருமுறை புரண்ட இடத்தில் மேலே பத்து முறை புரளும்.

மேலே போனபின் உங்கள் ஊரில் பெரிய எதிரி பஞ்சுதான். தறியும் பனியனும் ஓடும் இடத்தில் பஞ்சு நூல் என்ஜின் அச்சில் சுற்றிக்கொண்டு பல்சக்கரத்தை இறுக்கும். மாதம் ஒருமுறை கவிழ்த்து ட்வீசரால் எடுக்கவும். ஆடிக் காற்றில் ஜன்னல் திறந்திருந்தால் வாரம் ஒருமுறை. தண்டவாளத்தை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடையுங்கள். உப்புத்தாள் போட்டால் கீறலில் அழுக்கு நிரந்தரமாகத் தங்கும். ஒரு பெட்டியின் அடியில் ஹார்ட்போர்டு துண்டைத் தொங்கவிட்டு உரசிக்கொண்டே ஓடவிட்டால் பாதி வேலை தானாக நடக்கும். பிளாஸ்டிக் சக்கரம் கறுப்பு மெழுகு மாதிரி அழுக்கை அப்பும், உலோகச் சக்கரமாக மாற்றிவிடுங்கள். எண்ணெய் அச்சுக்கு ஒரு சொட்டு. அதற்கு மேல் விட்டால் தண்டவாளத்துக்கு வந்து வழுக்கும்.

பல்லி எச்சம் காய்ந்து கல்லாகிவிட்டால் ஹெச்ஓ சக்கரம் அதில் ஏறி இறங்கித் தடம் மாறும். குளவி மூலையில் மண்கூடு கட்டும். சில நாள் ஓட்டாமல் விட்டிருந்தால் முதல் சுற்றை மெதுவாக, கண் வைத்து ஓட்டுங்கள். போகிப் பண்டிகைக்கு ஒட்டடை அடிக்கும் முன் ரயிலை மறக்காமல் கீழே இறக்கி வையுங்கள், ஒட்டடைக் கோல் கண்ணாடிப் பட்டையில் மாட்டி இழுத்தால் முழுப் பெட்டித் தொடரும் சேர்ந்து வரும்.