கூண்டுக்குள் கையை வைத்துப் பாருங்கள்

வீட்டுப் பிராணிகள்: டாக்டரம்மா பதில்கள்

கேள்வி: எங்கள் கினிப் பன்றி பஞ்சுவுக்கு இரண்டரை வயது. கீரைக்கட்டுச் சத்தம் கேட்டாலே விசிலடித்து ஓடி வரும். ஒரு வாரமாக மூலையை விட்டு நகரவில்லை. தூக்கிப் பார்த்தால் பின்னங்கால் பாதம் இரண்டும் சிவந்து வீங்கி, ஒன்றில் கறுப்பாகப் பொருக்கு தட்டியிருக்கிறது. கம்பிக் கூண்டுதான். வெயிலுக்கு இதமாக ஈரச் சாக்கு போடுகிறோம். நாய்க்கு வாங்கிய அமாக்ஸிசிலின் சிரப் மீதி இருக்கிறது. நாலு சொட்டு கொடுக்கலாமா, டாக்டரம்மா?
– வாசகி, திருச்சி

பதில்: கொடுக்கவே கொடுக்காதீர்கள். அமாக்ஸிசிலின், ஆம்பிசிலின் போன்ற பென்சிலின் வகை மருந்துகள் நாய்க்கும் நமக்கும் ஒத்துக்கொள்ளும். கினிப் பன்றியின் வயிற்றுக்குள் போனால், புல்லைச் செரிக்க உதவும் நல்ல கிருமிகளை அழித்துவிடும். அந்த இடத்தில் வேறு கிருமி பெருகி நஞ்சைக் கக்கும். கழிச்சல் கண்டு சில நாளில் உயிரே போய்விடும். இதைப் பாடத்தில் படித்திருந்தும், தொழிலுக்கு வந்த முதல் வருடம் ஒரு சிறுமியின் கினிப் பன்றிக்கு நானே ஆம்பிசிலின் எழுதிக் கொடுத்தேன். ஐந்தாம் நாள் அதை அட்டைப்பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தாள். கால் புண் மட்டும் நன்றாக ஆறியிருந்தது.

சரி, பஞ்சுவுக்கு வருவோம். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் இது பாதப்புண். டாக்டர்கள் ‘பம்பிள்ஃபுட்’ என்பார்கள். கினிப் பன்றியின் உள்ளங்காலில் முடி கிடையாது, தோலும் மெல்லியது. உடம்பு எடை முழுவதும் ஒரு கம்பியின் மேல் இறங்கினால் தோல் தேயும். மூத்திரமும் சாக்கின் ஈரமும் சேர்ந்து ஊறவைக்கும். அந்த வெடிப்பு வழியாக ஸ்டெஃபிலோகாக்கஸ் போன்ற கிருமி நுழையும். முதலில் பாதம் மினுமினுப்பாகச் சிவக்கும்; அப்போதே கவனித்தால் தரையை மாற்றினாலே பெரும்பாலும் சரியாகிவிடும். பொருக்கு தட்டிவிட்டால் உள்ளே சீழ் இருக்கலாம், எலும்பு வரை போயிருக்கவும் கூடும். அதனால் நாளைக்குள் டாக்டரிடம் காட்டி, அவர் சொன்னால் எக்ஸ்ரே எடுங்கள். பொருக்கைப் பிய்க்காதீர்கள். சீழ் கெட்டியாக இருக்கும், பிதுக்கினால் வராது, வலிதான் மிஞ்சும். இந்தப் பிராணிக்கு ஒத்துக்கொள்ளும் ஆன்டிபயாடிக்கும் வலி மருந்தும் எடைக்குத் தக்கபடி அவரே தருவார். ஆற வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் ஆகும். நடுவில் நிறுத்திவிடாதீர்கள்.

எந்த மருந்து கொடுத்தாலும் அதே கம்பி மேல் திரும்ப விட்டால் பிரயோஜனமில்லை. இன்றைக்கே சாக்கை எடுங்கள். கம்பி மேல் பலகை, அதன் மேல் மடித்த பழைய போர்வை, மேலே பருத்தித் துணி. காலையும் மாலையும் துணி மாற்றுங்கள். உங்கள் உள்ளங்கையை அதில் ஒரு நிமிஷம் அழுத்தி வையுங்கள். கை பிசுபிசுத்தாலோ, கம்பித் தடம் பதிந்தாலோ அது பஞ்சுவுக்கு ஆகாத தரை. வெயிலுக்கு, தண்ணீர் பாட்டிலை உறையவைத்துத் துண்டு சுற்றிக் கூண்டுக்கு வெளியே ஒட்டி வைத்தால் போதும்.

இன்னொன்று, வைட்டமின் சி. நம்மைப் போலவே கினிப் பன்றியின் உடம்பும் அதைத் தயாரிக்காது. 1907இல் நார்வேயில் ஹோல்ஸ்ட், ஃப்ரோலிக் என்ற இருவர் கினிப் பன்றிக்கு வெறும் தானியத்தைக் கொடுத்து வளர்த்தபோது, வைட்டமின் சி குறைவால் மாலுமிகளுக்கு வந்த ஸ்கர்வி நோய் அதற்கும் வந்தது. வைட்டமின் என்ற சொல்லே அப்போது பிறக்கவில்லை. அந்தச் சத்து குறைந்தால் புண் ஆறாது, மூட்டும் வீங்கும். ஒரு கிலோ எடைக்குத் தினமும் 10 முதல் 30 மில்லிகிராம் வேண்டும். தினம் கால்வாசிக் கொடைமிளகாய் கொடுங்கள், கொத்தமல்லித் தழையும் நல்லது. மாத்திரையைத் தண்ணீர் பாட்டிலில் கரைக்காதீர்கள், சத்து சீக்கிரம் போய்விடும். அருகம்புல்லோ உலர்ந்த புல்லோ எப்போதும் இருக்கட்டும். குண்டாக இருந்தால் பாதத்துக்குச் சுமை, திடீரென இளைத்தால் நோய். அதனால் வாரம் ஒருமுறை சமையலறைத் தராசில் நிறுத்து எழுதி வையுங்கள். ஒருநாள் முழுக்கச் சாப்பிடவில்லை என்றால் மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது.

கேள்வி: நான்கு வயது கினிப் பன்றிக்கு முன்னங்கால் ஓரத்தில் கூடுதலாக ஒரு நகம் மாதிரி வளர்கிறது. கட்டியா?
– வாசகர், கோவை

பதில்: முன்காலில் நான்கு விரல், பின்காலில் மூன்று. எண்ணிப் பாருங்கள். அந்த நான்குக்கும் வெளியே, பாதத்தின் ஓரத்தில், வலியில்லாமல் காய்ந்து நீட்டிக்கொண்டிருந்தால் அது காய்ப்புதான். வயதானவற்றுக்கு வரும். வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து நுனியை மட்டும் நகவெட்டியால் கத்தரிக்கலாம். அடியோடு வெட்டினால் ரத்தம் வரும். சிவந்தாலோ, தொட்டால் கத்தினாலோ டாக்டரிடம் போங்கள்.

கேள்வி: நகம் வெட்டும்போது ரத்தம் வந்துவிட்டது. அதிலிருந்து பயமாக இருக்கிறது.
– கல்லூரி மாணவி, நாகர்கோவில்

பதில்: எனக்கும் வந்திருக்கிறது. சோளமாவை நகநுனியில் அப்பி இரண்டு மூன்று நிமிஷம் அழுத்துங்கள், நின்றுவிடும். வெள்ளை நகத்தில் உள்ளே ரோஜா நிறத்தில் ரத்தக்குழாய் தெரியும். கறுப்பு நகமென்றால் செல்போன் டார்ச்சை அடியில் பிடியுங்கள். பயந்துகொண்டு விட்டுவிட்டால் நகம் சுருண்டு பாதம் கோணும், அப்புறம் மேலே சொன்ன புண்தான். மாதம் ஒருமுறை வெட்டுங்கள், ஆனால் ஒரே நாளில் எல்லா நகமும் வேண்டாம். இன்றைக்கு இரண்டு, நாளைக்கு இரண்டு. இன்னொருவர் கொத்தமல்லியை நீட்டிக்கொண்டிருந்தால் வேலை சுலபம்.