பூட் வரியில் ஒரு சொல்லைச் சேர்த்துச் சமாளிக்கலாமா?

சிங்கப்பூரின் காக்கி புக்கிட்டில் கதவுக் கன்ட்ரோலர் செய்யும் சிறு நிறுவனத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: யூ-பூட்டில் (லினக்ஸுக்கு முன் ஓடி அதை ஏற்றும் பூட்லோடர்) ஏடிசி, அதாவது அனலாக் சிக்னலை எண்ணாக்கும் பிளாக்கின் ரிஜிஸ்டரைப் படிக்க முடிகிறது, லினக்ஸ் எழுந்தபின் டிரைவர் மாட்யூலை ஏற்றினால் போர்டு அப்படியே உறைந்துபோகிறது, ஒரு எர்ரர் வரிகூட இல்லை. போர்டு விற்றவர் பூட் வரியில் (லினக்ஸ் எழும்போது அதற்குக் கொடுக்கும் கட்டளை வரி) 'சிஎல்கே_இக்னோர்_அன்யூஸ்ட்' சேர்க்கச் சொன்னார், ஓடுகிறது. இப்படியே வாடிக்கையாளருக்குக் கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். சிப்பில் கோளாறு இல்லை. சிப்பின் ஒவ்வொரு பிளாக்கும் ஓட ஒரு கிளாக், அதாவது துடிப்பு சிக்னல் வேண்டும். யூ-பூட் ஏடிசியின் கிளாக்கை ஆன் செய்து விட்டுப்போகிறது. லினக்ஸின் மையமான கர்னலோ, பூட் ஆகும் கடைசிக் கட்டத்தில், எந்த டிரைவரும் கேட்டு வாங்காத கிளாக்குகளையெல்லாம் அணைத்துவிடும். உங்கள் டிரைவர் கேட்கவே இல்லை. கிளாக் ஓடாத பிளாக்கின் ரிஜிஸ்டரை சிபியு படிக்கப் போனால் பதில் வராது, பஸ் அங்கேயே நின்றுவிடும்.

மாட்யூலை ஏற்றுமுன் டீபக்எஃப்எஸ்ஸில் (கர்னலின் உள்நிலையைக் காட்டும் கோப்பகம்) 'சிஎல்கே_சம்மரி' கோப்பைத் திறந்து பாருங்கள். ஏடிசி கிளாக்குக்கு நேரே எனேபிள் எண்ணிக்கை 0 என்று இருந்தால் இதுதான் காரணம். டிவைஸ் ட்ரீயில் (போர்டின் வன்பொருளைக் கர்னலுக்கு விவரிக்கும் கோப்பு) ஏடிசி நோடுக்குக் கிளாக்கைக் குறிப்பிட்டு, டிரைவரின் ப்ரோபில் (டிரைவர் தொடங்கும் ஃபங்ஷன்) அதை வாங்கி எனேபிள் செய்தபிறகே ரிஜிஸ்டரைத் தொடுங்கள். பவர் டொமைனும் (சேர்ந்தே மின்சாரம் பெறும் பிளாக்குகளின் தொகுதி) அப்படித்தான், கர்னலின் மின்சார நிர்வாகமான ரன்டைம் பிஎம் வழியாகக் கேட்டு வாங்க வேண்டும்.

அந்த பூட் சொல் என்ன செய்கிறது? யூ-பூட் விட்டுப்போன, யாருக்கும் வேண்டாத கிளாக்கையும் அணைக்காமல் விடுகிறது. வீவக புளோக்கின் கீழ்த்தளத்தில், காற்றுப் புகாத பெட்டிக்குள் இருக்கப்போகும் போர்டுக்கு அது வீண் சூடு. நாளை யூ-பூட்டை மாற்றினால் பழையபடி உறையும். கோளாறு தேட மட்டுமே அது. இந்தச் சொல்லைச் சேர்க்கச் சொல்லிவிட்டு 'சப்போர்ட்' என்று ஆண்டுக் கட்டணம் கேட்கும் இடைத்தரகர்கள் இங்கே ஏராளம். பணம் கொடுக்குமுன், கர்னலில் அவர்கள் செய்த மாற்றங்களைத் தனித்தனி பேட்ச்சாக (மாற்றிய வரிகளை மட்டும் காட்டும் கோப்பு) கேளுங்கள், தயங்கினால் வேறு ஆளைப் பாருங்கள். ரிஜிஸ்டர் விளக்கத்தையே ரகசிய ஒப்பந்தத்துக்குள் பூட்டிவைக்கும் சிப் நிறுவனங்களால்தான் இந்த வியாபாரமே நடக்கிறது, அதை எத்தனை ஆண்டுதான் பொறுப்பது?

ஒரு விலக்கு உண்டு, திரை. யூ-பூட் காட்டிய லோகோ, டிஸ்ப்ளே டிரைவர் வரும்வரை அணையக் கூடாது என்றால் அந்தக் கிளாக்குகள் ஓடத்தான் வேண்டும். அதற்கும் பூட் வரி வேண்டாம். டிவைஸ் ட்ரீயில் சிம்பிள்-ஃப்ரேம்பஃபர் நோடு (யூ-பூட் தயாராக்கிய திரையை அப்படியே பயன்படுத்தச் சொல்லும் பதிவு) வைத்து, திரைக்கு வேண்டிய கிளாக், பவர் டொமைன் ஒவ்வொன்றையும் அதன் கீழே எழுதுங்கள், அசல் டிரைவர் வரும்வரை கர்னல் அவற்றைப் பிடித்துவைக்கும். ஒன்றை விட்டாலும் பூட் ஆகும் பாதியில் திரை இருண்டுவிடும். உங்கள் கன்ட்ரோலரில் திரை இல்லையென்றால் இந்தப் பேச்சே தேவையில்லை, ஏடிசி டிரைவரைத் திருத்துங்கள்.